மடியில் இருந்த செட் மாத்திரை

ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வெள்ளையம்மாள் இருபத்தோரு வருடமாக உதவியாளர். படித்தது எட்டாம் வகுப்பு. வாந்தியின் நிறத்தைப் பார்த்தே ரத்தம் பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. போன வருடம்வரை டாக்டரே, "அக்கா, என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். நர்ஸ் உமாமகேஸ்வரி வந்தபின் அந்தக் கேள்வி அவள் பக்கம் போய்விட்டது. இருபத்தாறு வயதுக்காரி. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் வெள்ளையம்மாளுக்கு ஆகவே ஆகாது.

ஒரு முற்பகலில் கடலாடிப் பக்கத்து மிளகாய் விவசாயி கூத்தையாவைத் தூக்கி வந்தார்கள். வாயிலும் சட்டையிலும் ரத்தம். நாடி நூல் மாதிரி ஓடியது. உமா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாட்டினாள். இரண்டு கையிலும் பெரிய ஊசி ஏற்றி, சலைனைத் திறந்துவிட்டு, ரத்த வகை பார்க்க அனுப்பினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குறை சொல்ல ஓர் இடம் தேடினாள் வெள்ளையம்மாள், கிடைக்கவில்லை.

"வாயில எதுவும் குடுக்காதீங்கம்மா. மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாரா?" என்று உமா கேட்டாள்.

"மருந்து மாத்திரையே தொடமாட்டாக சிஸ்டரு," என்றாள் மனைவி பிச்சையம்மாள்.

வேட்டியை மாற்றும்போது அவர் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. செட் மாத்திரை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாலைந்தைக் கலந்து கட்டித் தருவது, வயிற்றைப் புண்ணாக்கிவிடும். காட்டுவேலை செய்கிற சனம் அதை மருந்தென்றே நினைக்காது. டவுன் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வெள்ளையம்மாள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். எண்டோஸ்கோபி அறையைத் தயார் செய்யப் போன டாக்டர் வரட்டும். உமா முழிக்கட்டும். அப்போது எடுத்து நீட்டலாம்.

துணியை வாளியில் போட்டுத் திரும்பினால், பிச்சையம்மாள் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் புருசன் உதட்டருகே கொண்டுபோயிருந்தாள்.

"ஏ ஆத்தா!" வெள்ளையம்மாள் பாய்ந்து தட்டிவிட்டாள். "எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாகள்ல?"

"தண்ணி குடுக்கலம்மா. வயிறு எரியுதுங்காக, இத ரெண்டு போட்டா நின்டுரும்."

"எத்தன நாளா போடுறாரு?"

"மொளகாப்பழம் எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து, தெனம் ரெண்டு வேள."

அதைக் கேட்ட உமா டாக்டரிடம் ஓடினாள். "சார், தினமும் வலி மாத்திரை போட்டிருக்கார். அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

பிரிவு முழுக்கக் கேட்டது. வெள்ளையம்மாள் ஆசைப்பட்ட பேச்சுதான். உமா வாயிலிருந்து வந்ததால் கசந்தது.

குழாயை இறக்கிப் பார்த்தார்கள். இரைப்பைப் புண்ணில் ரத்தக்குழாய் ஒன்று திறந்துகிடந்தது. டாக்டர் கிளிப் போட்டு அடைத்தார். ரத்தம் ஏற ஏற நாடி தேறியது.

வெளியே வந்த உமா, "எப்பக்கா பார்த்தீங்க? நான் கேட்டப்ப இல்லேன்னுட்டாங்களே," என்றாள்.

"இப்பத்தான். அந்தம்மா பிரிக்கயில."

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிவிட்டாள். அப்படி நம்புகிற மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று வெள்ளையம்மாளுக்கு எரிந்தது. "கட்டிலத் தொடைக்கணும்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.