கோல் கம்பத்து முக்காலி

மூன்று கால்களில் ஒன்று மட்டும் விரல் கனம் குட்டை. பூவரச மரத்தில் செய்த அந்த முக்காலி அப்போதெல்லாம் வருஷம் முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் உட்காரக் கிடக்கும். பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை மட்டும் மாட்டுவண்டி ஏறி ராஜபாளையத்து மைதானத்துக்குப் போய், எங்கள் கல்லூரியின் கோல் கம்பத்துக்கு அருகே இடம் பிடிக்கும். அதில் உட்காரும் டைம்கீப்பர் முதலில் கையால் அழுத்திப் பார்ப்பார். ஒரு பக்கம் சாயும். சட்டைப் பையிலிருந்து உடைந்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகுவார். மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது முக்காலியை ஒரு கையிலும் ஓட்டுத் துண்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அவரும் மாறுவார்.

சென்ற மாதம் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நினைவு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். தட்டச்சு செய்த பக்கம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அதில் யுத்தத்துக்கு முந்தின வருஷத்து ஆட்டத்தைக் குறித்து, "நேர்மையாகப் பெற்ற மகத்தான வெற்றி" என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எண்பது வயதைத் தாண்டியவன் கோபப்படக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இந்தக் கோபத்தை நாற்பது வருஷத்துக்கு முன்பே பட்டிருக்க வேண்டும். அதற்குத் துணிவில்லாமல் போனவன் நான்.

எங்கள் பக்கத்தில் அன்று கல்லூரிக்குப் போகிறவன் வடக்கே மதுரைக்குப் போவான், இல்லையென்றால் தெற்கே பாளையங்கோட்டைக்குப் போவான். படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர்களை "வடக்கு", "தெற்கு" என்றே சொல்வோம். நான் வடக்கு. பெண் பார்க்கப் போன இடத்திலும் இதைக் கேட்டார்கள். இரண்டு கல்லூரிகளின் கால்பந்து அணிகளும் வருஷம் ஒருமுறை நடுவழியில், ராஜபாளையத்தில் வந்து ஆடுவது வழக்கம். ஆடியவர்களைவிடப் பார்த்த எங்களுக்குத்தான் வெறி அதிகம். மைதானத்தின் ஒரு பக்கம் பந்தலும் பெஞ்சுகளும். அது பழைய மாணவர்களுக்கு. எதிர்ப்பக்கம் கயிறு கட்டியிருக்கும். அதற்கு அப்பால் ஊர் ஜனமும் மில் தொழிலாளிகளும் வெயிலில் நிற்பார்கள். பந்தலுக்குள் நுழைகிறவனைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில், "எந்த வருஷம்? எந்த அறை?" என்று கேட்போம். அவன் படித்த வருஷத்தையும் விடுதி அறை எண்ணையும் உரக்கச் சொல்வான். நாங்கள் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரிப்போம். இவ்வளவு படித்தவர்கள் இப்படிக் கூத்தடித்தோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கோலுக்கு வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது. அதனால் ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்தில், அந்தக் கோலைக் காக்கும் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரையே உட்கார வைப்போம். சந்தேகம் வந்தால் நடுவர் அவரைத்தான் கேட்பார். தன் கல்லூரிக்கு எதிராக இருந்தாலும் படித்தவன் உண்மையைத்தான் சொல்வான் என்பது அதன் தாத்பரியம். அதில் எங்களுக்கு எத்தனை பெருமை என்று இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

நாங்கள் டைம்கீப்பர் என்று அழைத்தவர் ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் தொழிலாளிகளின் வேலை நேரத்தைக் குறிக்கும் வேலை பார்த்தவர். தளவாய்புரத்துப் பக்கம் ஊர். எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. மிஷன் பள்ளியில் பின்னல் வேலை கற்ற அவருடைய மனைவி, எங்கள் கல்லூரியின் நிறமான சிவப்பில் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று பின்னிக் கொடுத்திருந்தார். உச்சி வெயிலிலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஆட்டத்துக்கு வருவார். பதினைந்து வருஷத்து அணிகளில் யார் யார் எந்த இடத்தில் ஆடினார்கள், யாருடைய இடது கால் பலம், எந்த மழையில் எந்த ஆட்டம் நின்றது, எல்லாம் அவர் நாவில் இருந்தது. இதைக் கேட்டு மயங்கித்தான் எங்களில் மூத்தவரான பெரிய டாக்டர், "இவர் நம்ம ஆளு" என்று பந்தலுக்கு அழைத்துவந்தார். அவரிடம் யாரும் வருஷமும் அறையும் கேட்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர் அங்கே படிக்காமல் இருக்க முடியுமா என்று எண்ணினோம். அடுத்த வருஷமே முக்காலி அவருக்கு வந்தது. ஆறு வருஷம் அதில் உட்கார்ந்தார். எங்களுக்குப் பாதகமாக அவர் சொன்னபோதெல்லாம் முணுமுணுத்தோமே தவிர, மறுக்கவில்லை.

ஆறாவது வருஷ ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, பழைய மாணவர்கள் குடும்பத்தோடு செண்பகத்தோப்புக்குப் போயிருந்தோம். ஓடைக்கரையில் உட்கார்ந்து நான் எல்லோருடைய பெயரையும் வருஷத்தையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டிருந்தேன். டைம்கீப்பர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, என் பேர அதுல சேக்காதீய. நான் அங்க படிக்கல. விடுதிச் சமையல்கட்டுல நாலு வருஷம் கெடந்தேன். பாதி ஆட்டத்துல பிள்ளைகளுக்கு எலுமிச்சஞ்சாறு கொண்டுபோய்க் கொடுக்கிறது என் வேலை. அப்பப் பிடிச்ச பித்து இது. மெட்ரிக் பரிச்சைய பொறவுதான் எழுதினேன்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே" என்றேன்.

"யாரும் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். அந்த முக்காலி மேல ஆசை, தம்பி. கோலுக்கு அம்புட்டுப் பக்கத்துல உக்காந்து பாக்க வேற எப்பம் விடுவாக? வேண்டாம்னா எந்திரிச்சிடுதேன்."

"நீங்களே உட்காருங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்காமலே கொடுத்த வாக்கு அது.

அந்த வருஷ ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும் வரை இரு பக்கமும் கோல் விழவில்லை. அப்போது தெற்குக்காரன் ஒருவன் தாழ்வாக உதைத்த பந்து எங்கள் கம்பத்தை ஒட்டிப் பாய்ந்து, பின்னால் இருந்த கருவேல முட்களுக்குள் போயிற்று. நான் பெஞ்சின் கடைசியில், கம்பத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் டைம்கீப்பரிடம் ஓடினார். அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"கோல்தான் சார். கம்பத்துக்கு உள்ளதான் போச்சு."

அவருடைய முகம் வாடியிருந்தது. எங்களைவிட அவருக்குத்தான் அந்தக் கோல் வலித்தது. அதைக் கண்டும் என் ஆத்திரம் அடங்கவில்லை. தெற்குப் பெஞ்சிலிருந்து, "ஏலே வடக்கு, ஒங்க ஆளே சொல்லிட்டாருல்லா, மூட்டையக் கட்டுங்க" என்று கேலி வந்தது. நான் எழுந்தேன். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யும் குரலில் கேட்டேன்:

"டைம்கீப்பர் சார், எந்த வருஷம்? எந்த அறை?"

 வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் என்னையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அறை கெடையாது. சமையல்கட்டு. நாலு வருஷம்."

முதல் சிரிப்பு எங்கள் பெஞ்சிலிருந்து வந்தது. "சோறு போட்டவனா நமக்குத் தீர்ப்புச் சொல்லுதது?" என்றார், அவரை அழைத்துவந்த அதே டாக்டர். பழைய மாணவர் அல்லாதவர் சொல்வது செல்லாது என்று நான் வாதாடினேன். தெற்குக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். கோல் அவர்களுடையது அல்லவா? ஆனால் அவர்களுடைய பெஞ்சில் மூத்தவரான தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா எழுந்து, "சமையல்காரன் வாயால வர்ற கோல் எங்களுக்கும் வேண்டாம்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.  எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கல்லூரிக்காரர்களும் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். தாம் போட்ட கோலையே விட்டுக்கொடுக்கத் துணிந்தார்களே தவிர, அதை ஒரு சமையல்கட்டு ஆள் உண்மையென்று சொல்வதை ஏற்கத் துணியவில்லை. இதற்கா வடக்கேயும் தெற்கேயும் போய்ப் படித்தோம்?

கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு மில் தொழிலாளி கத்தினான்: "ஏலே, யாரு பி.ஏ.ன்னு பந்துக்குத் தெரியுமாலே?"

அன்று அங்கே பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வார்த்தை அது. அதற்கும் பந்தலில் சிரித்தார்கள்.

கோல் இல்லை என்று தீர்ப்பாயிற்று. டைம்கீப்பர் குனிந்து ஓட்டுத் துண்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். முக்காலி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மைதானத்தின் ஓரமாகவே நடந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து, அந்தப் பக்கம் போய் நின்றார். கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. பெஞ்சுகளின் மேல் ஏறிக் குதித்தோம். தற்செயலாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். சிவப்புக் கழுத்துத்துணியை அவிழ்க்காமல், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அவர் தட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் தட்டவில்லை.

பத்து நாள் கழித்து மில் வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்றுதான் போனேன். ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர், "வாங்க வக்கீல் சார்" என்றார். அதுவரை தம்பி என்று அழைத்தவர். நான் ஆட்ட வெறி, வாய் தவறிவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் போகட்டும். பந்து உள்ள போச்சா, இல்லையா? ஒங்க இடத்துலேருந்து தெரிஞ்சிருக்கும். அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், அவரும் நானும் மட்டும் நின்ற அந்த இடத்தில்கூட எங்கள் வெற்றி பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "அது முடிந்துபோன விஷயம்" என்றேன்.

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மறு வருஷம் அந்த முக்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் கயிற்றுக்கு அப்பால் நின்றார். யுத்தம் வந்து ஆட்டங்கள் நின்றுபோயின. அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு வருஷம் கழித்தே தெரிந்தது.

சங்கத்தார் அனுப்பிய பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதி அனுப்பினேன்: "அன்று முதலில் கோல் போட்டது தெற்குக் கல்லூரி. நான் கண்ணால் பார்த்தேன். கோலுக்கு அருகே முக்காலியில் இருந்த டைம்கீப்பர் உண்மை சொன்னார். நான் அவரைக் காட்டிக்கொடுத்தேன்." நேற்று பதில் வந்தது. பழைய பகைகளைக் கிளறுவது மலரின் நோக்கமல்ல என்று பணிவாக எழுதியிருந்தார்கள். என் பெயரை மட்டும் போடுகிறார்களாம். பெயருக்குக் கீழே அச்சிட, எந்த வருஷம், எந்த அறை என்று தெரிவிக்க வேண்டுமாம்.

அந்த வரிகள் இல்லாத மலரில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பிறகு பரணிலிருந்து முக்காலியை இறக்கச் சொல்லித் துடைத்து முன்கூடத்தில் போட்டேன். கையால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் ஒரு பக்கம் சாய்கிறது. கோல்தான், டைம்கீப்பர் சார். கம்பத்துக்கு உள்ளேதான் போயிற்று.