பகலில் வந்த ஆந்தை

ஊரில் அவருக்கு எலிக்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப யாருக்கும் அவசியம் வரவில்லை. அவருடைய சின்ன வேனின் இரண்டு பக்கமும் நாலு காலையும் தூக்கி மல்லாந்து கிடக்கும் ஓர் எலியின் படம். வரைந்த ஆளுக்கு முயல்தான் கைவந்தது போலிருக்கிறது, காது நீண்டுவிட்டது. "முயல் பிடிக்கவா கிளம்பிட்டீங்க?" என்று கேலி செய்பவர்களிடம் அவர், "பிடிச்சா உங்களுக்கும் ஒரு கால் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

எலி விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். சுவரோரம் படிந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தே எலி எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று சொல்லிவிடுவார். எலியை ஒழிக்க அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பொறி. காலையிலும் சாயங்காலத்திலும் போய்ப் பார்த்து, விழுந்ததை எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து முட்டி கழன்றுவிடும். இன்னொன்று மருந்து. நீல நிறக் கட்டியைக் கறுப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தால் ஆள் தேவையில்லை. தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள் ரத்தம் கசிய, சில நாள் தள்ளாடித் திரிந்து, பகல் என்றும் பாராமல் வெளியே வந்து, பிறகுதான் சாகும். "செத்த எலியால தொந்தரவில்ல, சாகப் போற எலிதான் வினை" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பூனையோ பறவையோ அதைப் பிடித்துத் தின்றால் அதற்கும் அதே கதிதான். அதனால் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர் மருந்து வைப்பதில்லை. பொறி மட்டும்தான்.

வீட்டின் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் என்று சொன்னால் அவர் மனைவி சிரிப்பாள். சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளுக்கு அது துணி காயப்போடும் இடம். ஆனால் முன்பு குடியிருந்த யாரோ மண்ணுக்குள் கிழங்குகளைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குளிர்காலம் முடியப் போகும் சமயத்தில், புல்கூடத் தலைதூக்கத் தயங்கும்போது, மரத்தடியில் வெள்ளைப் பூக்கள் தலைகுனிந்தபடி வரிசையாக வந்து நிற்கும். மதிலோரப் புதரில் ஓர் இலை இருக்காது, கிளை முழுக்க மஞ்சள் நூலைப் பிய்த்துப் போட்ட மாதிரி பூ மட்டும் இருக்கும். அந்த மஞ்சளுக்கு அரைத்தூக்கத்தில் ஒரு கருவண்டு வந்து முட்டும். கல்லுக்கடியிலிருந்து ஒரு தேரை, யாரோ கதவைத் தட்டி எழுப்பியது போலச் சலிப்பாக எட்டிப் பார்க்கும். பின்மதிலை ஒட்டிய பழைய மரத்தின் பொந்தில் வெள்ளை முக ஆந்தை ஒன்று குடியிருந்தது.

இலை உதிரும் காலத்தில் மகள் பெட்டியோடு வந்தாள். ஒரே மகள். நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தை அடங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை ஸ்கேன் எடுத்தபோதே டாக்டர் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார், சாயங்காலம் கூட்டிவந்து சேர்க்கும்படி. அவனோ வாயைத் திறக்கவில்லை. அவள் பகல் முழுக்கக் குட்டிச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டு, இந்தப் பெயர் வைக்கலாமா, அந்தப் பெயர் வைக்கலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் அவன் சொன்னான்.

"குழந்தை போனது யார் தப்பும் இல்லப்பா. அந்த ஒரு பகல் இருக்கே, அதை என்னால மன்னிக்க முடியல. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, என்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்தாரு" என்றாள் வந்த அன்று. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

எலிக்காரருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போனைப் போட்டு மாப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்தார். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு வாய் வரலையா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா, மாமா" என்றது மறுமுனை.

"நல்லா சொன்ன போ" என்று போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பேச்சே எடுப்பதில்லை.

குளிர்காலம் முழுவதும் மகள் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டு போகும், பாதி சாப்பாட்டோடு திரும்பி வரும். தாய்க்காரி வேலைக்குக் கிளம்பும்போது அழுவாள், திரும்பி வந்ததும் அழுவாள். எலிக்காரருக்கு அழவும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு ஒரு எலி பொறியையே இழுத்துட்டுப் போயிடுச்சும்மா" என்பது போல ஏதாவது உளறிவிட்டுப் போவார்.

வெள்ளைப் பூ வந்த வாரத்தில் அவளே ஜன்னல் திரையை விலக்கினாள். அடுத்து கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பொந்திலிருந்து ஆந்தை வெளியே வந்து, மதில் மேல் உட்கார்ந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமே இல்லாமல் பறந்து போகும். ஒருநாள், "அப்பா, அது என்னைப் பாத்துட்டுத்தான் போகுது" என்றாள். மாதக்கணக்கில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. எலிக்காரர் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

பேச்சு அந்த நேரத்துக்கு மட்டும்தான் வந்தது. ஆந்தை வெளியே வரும்வரை பேசுவாள், போனதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்த வேளையில் அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எலிக்காரருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஆனால் அதே வேளையில்தான் பின்தெரு பேக்கரியின் மாவுக் கிடங்கில் அவர் பொறிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. மாவைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தால் நாற்காலி காலியாக இருக்கும்.

பேக்கரிக்காரர் ரொம்ப நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பொறியெல்லாம் பழைய காலத்து சமாச்சாரம். மருந்தை வைங்க, நிம்மதியா வீட்டுக்குப் போங்க." அந்த வாரம் எலிக்காரர் மறுக்கவில்லை. கிடங்குக் கதவுதான் எப்போதும் சாத்தியிருக்கிறதே, எலி உள்ளேயே சாகும், ஆந்தை வயல் பக்கம்தானே போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கறுப்புப் பெட்டிகளை வைத்தார். அன்று முதல் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். மகளும் அவரும் அருகருகே உட்கார்ந்து ஆந்தைக்காகக் காத்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பற்றிக்கூட ஒரு தடவை, கோபமில்லாமல், ஏதோ சொன்னாள். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல சாயங்காலங்கள் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். "அப்பா! அப்பா! மெதுவா வாங்க, சத்தம் போடாதீங்க!" என்று தோட்டத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். பாதி முகத்தில் நுரையோடு ஓடினார்.

வெள்ளைப் பூக்களுக்கு நடுவே, தரையில், ஆந்தை உட்கார்ந்திருந்தது. மகள் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் மண்டியிட்டிருந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா? பட்டப்பகல்ல வந்திருக்கு. நான் பக்கத்துல போனாலும் பயப்படல. என்கிட்ட பழகிடுச்சுப்பா!"

எலிக்காரர் பார்த்தார். இறக்கைகள் இரண்டும் ஈரத்துணி போலத் தொங்கின. கண் பாதி மூடியிருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பழக்கமில்லாதவர்களுக்கு அது தெரிந்திருக்காது. கால்நடை டாக்டரின் வீடு வண்டியில் போனால் கொஞ்ச தூரம்தான். இப்போதே ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டு போனால் ஊசி போடுவார், பிழைத்தாலும் பிழைக்கும். அதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும். இது பழக்கமில்லம்மா, இது சாகப் போகுது, சாகடிச்சது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

மனைவி பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்தாள். காலையில் விழித்ததும் ஆந்தை மூஞ்சியில் முழிக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டவள் அவள்தான். இப்போது அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "சிரிக்கிறா… பாருங்களேன், வாய்விட்டுச் சிரிக்கிறா" என்று அவர் காதுக்குள் சொன்னாள்.

இன்னும் கொஞ்ச நேரம், என்று எலிக்காரர் நினைத்தார். கொஞ்ச நேரம்தானே. உள்ளே போய் மீதி முகத்தையும் சவரம் செய்தார், இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். மகள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டைக் காலி செய்தாள், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். ஆந்தையிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் நாலைந்து தடவை வாசற்படி வரை வந்து, ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்பைப் பார்த்துத் திரும்பிப் போனார். அந்த மனுஷனுக்கு வேறென்ன செய்யத் தெரியும் என்று கேட்கலாம். வாயைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெயில் சாயும்போது ஆந்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. மகள் அலறினாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெட்டி, துணி, வேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்ப்பா" என்றபடி வந்தாள்.

கால்நடை டாக்டர் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் தோலெல்லாம் கன்றிப் போயிருந்தது. "எலி மருந்து. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"மத்தியானத்துலேர்ந்து என் பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

"ஆந்தை பகல்ல தரையில வந்து உக்காந்தாலே ஆபத்துன்னு அர்த்தம்மா. அப்பவே கொண்டுவந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல." சொல்லிவிட்டு அவர் எலிக்காரரைப் பார்த்தார். இருவரும் பல வருஷமாகத் தெரிந்தவர்கள். "உங்களுக்குத் தெரியாதா, என்ன?" என்றார், சாதாரணமாக.

மகள் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

வேன் பாதி வழி வந்தபோது மகள் மடியிலிருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் அசைவு நின்றிருந்தது.

"மருந்து நீங்க வெச்சதா?"

"ஆமா. பேக்கரியில. சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்கு வரணும்னு…"

"அதைக் கேக்கல. அது தெரியாம நடந்தது. மத்தியானம் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

பொய் சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது. "தெரிஞ்சிடுச்சும்மா."

"ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே" என்றார் எலிக்காரர்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்பது அவருக்கு உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"அவரும் இதையேதான் சொன்னாரு" என்றாள். வீடு வரை நடந்தே போனாள்.

வெள்ளைப் பூக்களுக்குப் பக்கத்தில் அவளே குழி தோண்டினாள். அம்மாவை மட்டும் மண்வெட்டியைத் தொட விட்டாள். எலிக்காரர் வாசற்படியில் நின்றார். "நான் வேணா…" என்று படியிறங்கியவர் மறுபடி ஏறி நின்றுகொண்டார்.

மறுநாள் அவர் கிடங்கிலிருந்து கறுப்புப் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார். மறுபடி பொறிகளை வைத்தார். பின்னறை ஜன்னலில் திரை விழுந்துவிட்டது. தட்டு மறுபடி பாதியோடு திரும்பி வருகிறது. வெள்ளைப் பூக்கள் வாடி மண்ணோடு ஒட்டிக்கொண்டன, மதிலோர மஞ்சளும் உதிர்ந்துவிட்டது, கருவண்டு வேறு வீட்டுப் பக்கம் போய்விட்டது. நாற்காலியை மனைவி எடுத்து மடக்கிச் சுவரோரம் சாத்தி வைத்தாள்.

எலிக்காரர் இப்போது காலையிலும் சாயங்காலமும் கிடங்குக்குப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு பொறியாகப் பார்க்கிறார். பார்த்து முடித்த பிறகும் மாவு மூட்டையின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம் ஒன்றும் அவருக்கு இல்லை.