சிவப்புத் தொட்டி பேண்டு

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். அவள் யூனிஃபார்மிலிருந்து கூலண்ட் வாடை. இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி ஒரு தண்ணீர், அதுதான். புளித்த மோரில் மண்ணெண்ணெய் கலந்தது போலிருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். அவள் விழித்துக்கொள்ளாதது நான் செய்த புண்ணியம்.

அந்த வாடை வந்தால் எனக்கு இசை கேட்கும். சிரிக்காதீர்கள், நானும் ஒரு பேண்டில் இருந்தவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே மார்க் வாங்கிய ஆள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஒரகடத்தில் பிரேக் டிஸ்க் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே விரிசல் விட்ட டிஸ்க்குக்குச் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை அதையெல்லாம் சம்மட்டியால் உடைத்து உருக்க அனுப்புவார்கள். முழுசாக அனுப்பினால் எவனாவது எடுத்து வண்டியில் மாட்டிவிடுவான் என்று பயம். தொட்டியில் போடுவது என் வேலை. ஒருநாள் நான் வீசிய டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டு வந்தான் செல்வின். மண்ணூர்க்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன்.

“மச்சான், நல்ல பீஸு எல்லாம் ஒரே மாதிரி கத்துது. இதுக்குத்தான் சொந்தக் குரல் கீது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் தலையாட்டினேன். அப்படித்தான் பேண்டு ஆரம்பித்தது.

எட்டு ரிஜெக்ட் டிஸ்க்குகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கவிட்டோம். தெரிந்தால் வேலை போய்விடும். சாப்பாட்டு இடைவேளையில் அரைமணி நேரம் வாசிப்போம். கம்ப்ரஸர் போடுகிற கூச்சலில் வெளியே ஒன்றுமே கேட்காது. வாசிக்கிற எங்களுக்கே பாதிதான் கேட்கும். அது செல்வினுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பேண்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், எந்த வாரம் என்று கேட்பேன். காண்ட்ராக்ட்காரர் ஆட்களை வாராவாரம் ஷிப்ட் மாற்றுவார். ஏர் கன்னைப் பிடித்துப் புஸ் புஸ்ஸென்று ஊதிய ஒடிசாக்காரர் ஒரு மாதம் இருந்தார். கேன்டீன் இட்லிக் குண்டானோடு வந்தவர் நாலே நாள். குண்டானைக் காணோம் என்று தேடி வந்து கூட்டிப்போய்விட்டார்கள். நிலையாக இருந்தது செல்வின், நான், திருநெல்வேலிப் பக்கத்து இசக்கி. இசக்கி பாடுவான் என்று சேர்த்தோம். அவனோ வாயே திறக்காமல் ஒரு டிஸ்க்கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். என்னை ஏன் வைத்திருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஆயுத பூஜைக்கு நிகழ்ச்சி வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். செல்வின் பெயர் கொடுத்துவிட்டான். டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடம் வாசித்தோம். மேடை கட்டுகிறோம் என்று நினைத்து ஜனங்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு எப்போது என்று முன்வரிசை அக்கா ஒருவர் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

பூஜை என்றால் தெரியுமே, மெஷின், ஸ்பேனர், டிராலி, அனுப்ப வேண்டிய சரக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை, லாரி வருவதற்குள் டிஸ்க்குகளிலிருந்து குங்குமத்தைத் துடைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒழுங்காக வேலை செய்தேன். பெயிண்டையே கரைக்கிற தின்னர் போட்டு, சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் துடைத்தேன். நாங்கள் வாசித்த எட்டையும் யாரோ மேடையிலிருந்து எடுத்து அதே டிராலியில் அடுக்கியிருந்தது, தின்னர் தீர்ந்த பிறகுதான் உறைத்தது. இருநூறு டிஸ்க், எட்டில் விரிசல், எல்லாம் ஒரே பளபளப்பு. எவன் காரிலோ போய் மாட்டப்போகிற பிரேக்.

ஓடிப்போய்ச் சொன்னேன். ரிஜெக்ட் எப்படி வெளியே வந்தது என்று சூப்பர்வைசர் கேட்டார். அந்த வாரம்தான் செல்வினுக்கு பெர்மனென்ட் லெட்டர் வருவதாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவனே முன்னால் வந்தான்.

“நான்தான் சார் எடுத்தாந்தேன். தட்டிப் பாத்தே எட்டையும் எடுத்துக் குடுக்கறேன். லாரிய நிறுத்தி வைங்க.”

கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டினான். ணங், ணங், ணங். திடீரென்று ஒரு கரகரப்பு வரும், ஒதுக்கிவைப்பான். ஒன்றைத் தட்டியதும் இசக்கி, “ஏலே, இது என்னுதுல்லா” என்று அணைத்துக்கொண்டான். ஏழு கிடைத்தன. எட்டாவது என்னுடையது. அதன் சத்தம் செல்வினுக்கு நினைவில்லை; நான் அதை ஒருநாளும் ஒரே மாதிரி அடித்ததில்லையாம். எனக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன், என்னுடையதைக் கேட்டதே இல்லை.

“கேக்காத. சும்மா அடி, எப்பவும் போல அடி,” என்றான் செல்வின்.

மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொண்டே போனேன். நூற்றுச் சொச்சத்தில் ஒன்றை அடித்ததும் மணிக்கட்டில் சுருக்கென்றது. ஆறு மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில் அடிக்கும்போது வருகிற அதே வலி. இதுதான் என்றேன்.

சோதனை ரூமில் எட்டிலும் விரிசல் என்றார்கள். மீதியை இரண்டு நாள் நிறுத்திச் சோதித்தார்கள், ஒன்றிலும் இல்லை. எட்டையும் அங்கேயே உடைக்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர். சம்மட்டியை என் கையில் கொடுத்தார்கள். உடைத்தேன். செல்வின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இசக்கி அடுத்த மாதமே ஊருக்குப் போனான். என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை, நியாயம்தான். இப்போது லாட்ஜ்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறேன். செல்வினை மட்டும் அவர்கள் விடவில்லை. அந்தக் காதுக்காகவே பெர்மனென்ட் செய்து சோதனை ரூமில் உட்காரவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். சர்ச்சில் கீபோர்டு வேறு யாரோ வாசிக்கிறார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவனுக்குப் போன் போட்டேன். இன்னா பண்றே என்றேன். தட்டிக்கினு கீறேன் என்றான். நம்ம மாதிரி சத்தம் ஏதாவது வருதா என்று கேட்டேன். போனில் ணங் என்று ஒன்று கேட்டது, பிறகு அதே போல இன்னொன்று.

“புது மெஷின் வந்துடுச்சு மச்சான். இப்பல்லாம் ரிஜெக்டே வர்றதில்ல.”