செவ்வாய்க்கிழமை ஆக்சிஜன்

ஒரு சுண்டெலியின் கட்டிக்குள் ஆக்சிஜன் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக, தெருவில் ஒன்பது வீடுகளுக்குக் கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தவன் நான். அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்ட பிறகு. என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "நல்ல விஷயம்தான், அப்புறம் சொல்றேன்" என்று நெளிந்து சிரித்துவிட்டு மாடியேறிவிட்டேன்.

விளக்கியிருக்கலாம். புற்றுக்கட்டி ஓர் அவசரக்காரன். ரத்தக்குழாய் வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வீட்டுக்குப் பின்னால் வீடு, அதற்குப் பின்னால் ஓர் அறை என்று கட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கடைசி அறைக்குக் காற்று எங்கிருந்து வரும்? கட்டியின் நடுப்பகுதியும் அப்படித்தான். மூச்சுமுட்டிச் சாகும் என்று பார்த்தால் சாகாது, முரடாகிவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் எளிதில் மசியாது. அந்த அறைக்குக் காற்றைக் கொண்டுபோகும் என்று நம்பி ஒரு மருந்தை நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம்.

'நாங்கள்' என்று எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். இருந்தது நான் ஒருவன். கூட இருந்த இரண்டு மாணவர்களும் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எலியின் கட்டி மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால் ரத்தம் மிக மெல்லிய ஒலி எழுப்பும். கருவி அதைக் கேட்டுப் படம் வரையும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் திரையில் சிவப்பு, ஏறாதது நீலம்.

திங்கட்கிழமை, மருந்து கொடுக்காத எலிகள். செவ்வாய்க்கிழமை, கொடுத்தவை. எலி அசையாமல் இருக்க, மூக்கில் ஒரு குட்டிக் குப்பியைப் பொருத்தி மயக்க வாயுவைக் காற்றோடு கலந்து கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றோடு மட்டும்தான். பக்கத்தில் ஆக்சிஜனுக்கும் ஒரு குமிழ் இருக்கும், ஆபத்துக்கு. படம் எடுக்கும்போது அதைத் தொடக் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான்.

மருந்து எலிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடும். எலியின் ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீளும். உடனே என் கை ஆக்சிஜன் குமிழைத் திருப்பும். இரண்டு நிமிடம் கொடுத்துத் தெளிந்ததும் மூடிவிடலாம் என்று நினைப்பேன். மூட மறந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் இன்னோர் உயிர் மூச்சு விடுவதை நான் கேட்பது வாரத்தில் அந்த இரண்டு நாள்தான். அது நின்றுபோவதை உட்கார்ந்து பார்க்கத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமைப் படங்கள் எல்லாம் சிவப்பாக வந்தன. ஆறு வாரமும் அப்படியே. இட்லி வாங்கியது அப்போதுதான். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வரவிருந்தது. முடிவு பிடித்தால் திட்டத்தை இரண்டு ஆண்டு நீட்டிப்பார்கள். இல்லையென்றால் அந்த அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழ்வீட்டுத் தறிச் சத்தத்தைப் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டு மாடியில் தனியாக உட்கார வேண்டியதுதான்.

புதன்கிழமை, எலிகளைப் பராமரிப்பவர் வந்தார். வாலாஜாபாத்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். சிலிண்டர் மாற்றுவதும் அவர் வேலைதான்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்த ஆக்சிஜன் முள்ளு செவ்வாக்கெழம மட்டும் எறங்குதே, ஏன் சார்? திங்கக்கெழம அசையவே மாட்டேங்குது."

"அன்னிக்கு எலிங்க கொஞ்சம் சோர்வா இருக்கும்…"

"அதான் மூக்குல வச்சி ஊட்டிக்கினு இருக்கிறீங்களா? அப்பறம் படம் செவப்பா வராம வேற என்னா சார் பண்ணும்?"

மறுநாளைக்கு மருந்து எலிகளைத் தயாராக வைக்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை, மருந்து கொடுத்த எலிகளை மறுபடி படம் எடுத்தேன். வெறும் காற்று. அவர் ஆக்சிஜன் குமிழுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது எலிக்கு மூச்சு இறங்கியது. டிக். நெடுநேரம் கழித்து இன்னொரு டிக். என் கை தானாகப் போனது.

"கைய எடுங்க சார்."

எடுத்தேன். எலி தானாகவே சமாளித்துக்கொண்டது. திரையில் கட்டி முழுக்க நீலம், திங்கட்கிழமைப் படம்போலவே. மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஆறு வாரமாக நான் படம் பிடித்தது என் கையை.

வெள்ளிக்கிழமை, சிவப்பு, நீலம் இரண்டு படங்களையும் குழுவிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். யாராவது திட்டியிருந்தால் தேவலை. "நேர்மையாகச் சொன்னீர்கள்" என்று கைகுலுக்கினார்கள். மாதக் கடைசியோடு திட்டம் முடிந்தது. சாவியை வாங்கிக்கொண்டவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இட்லியைத் திரும்ப வாங்க முடியாது, செய்தியையாவது வாங்கிவிடலாம் என்று கீழ்வீட்டிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்கார அம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் தறியில் இருந்தார்.

"அன்னிக்கு இட்லி குடுத்தேனேம்மா, அந்த விஷயம் இல்லன்னு ஆயிடுச்சு."

தறி நின்றது. "அய்யய்யோ, என்னாப்பா ஆச்சு?" என்றார் அம்மா.

கட்டி, கடைசி அறை, சிவப்பு, நீலம், குமிழ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம். அத்தனை நேரம் என் பேச்சை யாரும் குறுக்கிடாமல் கேட்டு வருடங்கள் இருக்கும். முடித்ததும் அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு என்னை.

"எலிக்கா? நாங்க உனக்குப் பொண்ணு அமைஞ்சிடுச்சுன்னு நெனச்சிக்கினு, மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டமேப்பா!"