வீட்டில் கூப்பிடும் பெயர்

சனிக்கிழமைகளில் காய்ந்த உடுப்புகளை மடிப்பது வசீகரன். சோபாவின் ஒரு முனையில் அவர் துவாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவர் மனைவி நிசாந்தினி மடிக்கணினியோடு இருந்தாள். ஓக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் அவள் படிப்பிக்கிறாள். வகுப்பின் இணையதளமும் அவள் பொறுப்புத்தான்.

காலையில், வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க ஃபார்ம் நிரப்பின கிருசாந்தி என்ற தாய் போன் எடுத்துச் சிரித்திருந்தாள். “டீச்சர், என்ர மனுசனுக்கு முதலாம் வகுப்பில இடம் கிடைச்சிருக்காம். ‘வணக்கம் வரதராஜன்’ எண்டு மெயில் வந்திருக்கு. சாப்பாட்டுப் பெட்டி கட்டி விடட்டோ?”

தவறு எங்கே என்று நிசாந்தினிக்குத் தெரிந்தது. ஃபார்மில் ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்று கேட்டால் எங்கள் ஆட்கள் முதலில் வருகிற பெயரை எழுதுவார்கள். முதலில் வருவது தகப்பன் பெயர். மெயிலில் ‘வணக்கம்’ என்பதற்குப் பக்கத்தில் வளைந்த அடைப்புக்குள் இருக்கிற டேக் என்ற குறியீடு, ஃபார்மில் எழுதினதை அப்படியே எடுத்துப் போட்டுவிடும். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டே, மதியச் சாப்பாட்டு நேரத்து வீடியோக்களில் கோட் எழுதப் பழகியவள் அவள். ‘வீட்டில் கூப்பிடும் பெயர்’ என்று புதுப் பெட்டி ஒன்று சேர்த்து, அதற்கென ஒரு டேக்கைப் பத்து வரியில் எழுதினாள்.

சோதித்துப் பார்க்கத் தன் விபரத்தை நிரப்பினாள். புதுப் பெட்டியில் கை நின்றது.

வேலையிடத்தில் அவள் ‘நிஷ்’. வகுப்பில் ‘டீச்சர்’. வெலிங்டனில் படிக்கிற மகள் வித்தியாவுக்கு ‘அம்மா’. வசீகரனுக்கு இருபத்தாறு வருசமாக, ‘இங்கே பாரும்’ என்கிற அர்த்தத்தில் வெறும் ‘இஞ்சேரும்’. கலியாணம் பேசி முடித்த ஆறு மாதமும் வசீகரன் ஓக்லாந்திலிருந்து கொழும்புக்குப் போன் எடுப்பார். லைன் இரையும். “ஹலோ, நிசாந்தினியோ கதைக்கிறது?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே போனடியில் காத்திருந்த பெட்டை அவள். தாலி ஏறின பிறகு அந்தக் கேள்விக்குத் தேவை இருக்கவில்லை.

மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள். “இந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் நிரப்புங்கோவன்.”

“எனக்கேன் உந்த வேலை?” என்றபடி கண்ணாடியைப் போட்டார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் எழுதாமலே ‘அனுப்பு’ என்பதை அழுத்திவிட்டு, அடுத்த துவாயை எடுத்தார்.

பெட்டி காலியாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் இன்னும் கோட் எழுதியிருக்கவில்லை. மெயில் வந்தது: ‘வணக்கம் ,’. வெறும் இடமும் ஒரு காற்புள்ளியும்.

“ஏனப்பா விட்டிட்டீங்கள்?”

“கட்டாயம் நிரப்பவேணும் எண்டு நட்சத்திரம் போடேல்லையே.”

“போட்டிருந்தா என்ன எழுதியிருப்பீங்கள்?”

“சும்மா இரும். வயது போற நேரத்தில...” காது மடல் சிவந்தது. ஒரு காலுறையின் சோடியை நெடுநேரம் தேடினார்.

அவள் காத்திருந்தாள். அவர் மடித்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய் நின்றார்.

“இஞ்சேரும், தேத்தண்ணி போடட்டோ?”

‘இஞ்சேரும்’ என்றதற்குத் திரும்பாமல் நிசாந்தினி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் குசினிப் பக்கம் போனார்.