கடைசி வாங்கு ரீச்சர்

நாலு மணிக்கு மணியடித்ததும் மற்ற ஆசிரியைகள் குடையை விரித்துக்கொண்டு படலையைத் தாண்டிவிடுவார்கள். இரத்தினம்மா ரீச்சர் மட்டும் திரும்பவும் வகுப்புக்குள் வந்து மாணவிகளின் கடைசி வாங்கில் உட்காருவார். மேசைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கணக்கில் தேறாத பெண்கள் அவரை நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். "தள்ளி இருகா, எனக்கும் கொஞ்சம் இடம் தா" என்பதுதான் பாடத்தின் தொடக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை அது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, அங்கேயே சின்னப்பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பெண்கள்தாம் அங்கே அதிகம். தராதரப்பத்திரம் எடுக்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். பின்னம் என்றாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

இரத்தினம்மா 'பிழை' என்று சொல்வதில்லை. "மறுகா?" என்பார், 'பிறகு?' என்று கேட்பதுபோல. விடை தப்பினால் அந்த 'மறுகா' கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் "என்ட மண்டையில ஏறாது ரீச்சர்" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தது. "ஏறாதெண்டு ஆர் சொன்ன? வீட்டுல எட்டுப் பேருக்கு அளந்து உலை வைக்கிறவதானே நீ?" என்று சீறிக்கொண்டு, கையிலிருக்கும் சோக்குக் கட்டியை யன்னலால் எறிந்துவிடுவார். பிறகு தானே போய் அதைத் தேடுவார். பாடசாலையில் சோக்குக்குத் தட்டுப்பாடு.

இந்தத் தவணை அவரைப் படாதபாடு படுத்தியவள் சித்தாண்டி ஊர்ச் சீதேவி. வயலின் நீளம் அகலம் தந்து, ஏக்கருக்கு இத்தனை மரைக்கால் விதை என்றும் சொல்லி, முழு வயலுக்கும் எவ்வளவு விதைநெல் வேண்டும் என்று சோதனையில் கேட்டிருந்தார்கள். சீதேவி எழுதியது ஒரே வரி: 'புழுதி விதைப்பா, சேற்று விதைப்பா என்று சொல்லவில்லை.' புழுதியில் விதைத்தால் விதை கூடப் போகும் என்பது வயல் வட்டைக்குப் போகிற எவருக்கும் தெரியும். அதற்கு மேல் அவள் பேனாவைத் தொடவில்லை.

பெரிய ரீச்சர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த சோதனையும் இப்படியென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். தகப்பன் பாயோடு கிடக்கிறார்; சீதேவியின் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

"புள்ள, உங்கட அப்பாட வயலக் கேக்கல்ல. இது கடதாசி வயல்கா" என்றார் இரத்தினம்மா.

"கடதாசி வயலெண்டாலும் ஏதோ ஒரு விதமாத்தானே விதைக்க வேணும் ரீச்சர்?"

இரத்தினம்மாவுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நீ கேக்கிறது ஞாயம். ஆருட்டக் கேக்கப் போறாய்? சோதனையில பதில் சொல்ல ஆளில்ல. நீயே ஒண்ட முடிவுகட்டு. மறுகாச் செய்."

அன்றிலிருந்து மாலைதோறும் அதுதான் பழக்கம். சீதேவியும் முடிவுகட்டினாள், ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ரீச்சர் தலையாட்டினால்தான் பேனா நகரும். பாவம், ரீச்சரும் ஆட்டினார். ஆட்டிவிட்டு, "இந்தக் கழுத்த என்ன செய்ய?" என்று தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்த சோதனைக்கு அவரே மேற்பார்வை. வாவியில் ஒரு தோணி இந்த வேகத்தில் போனால் இவ்வளவு தூரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு. அதைப் படித்ததும் இரத்தினம்மா சீதேவியின் பக்கம் பார்த்தார். நினைத்தபடியே சீதேவியின் பேனா நின்றது. கச்சான் காற்றை எதிர்த்துப் போகிற தோணியா, காற்றோடு போகிற தோணியா? அவள் நிமிர்ந்து ரீச்சரின் முகத்தைத் தேடினாள்.

இரத்தினம்மா அப்படியே கிறுகி, முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு பின்னால், சீதேவியின் மைக்கூட்டில் பேனா இடிபட்டது. கடதாசியில் கறகறவென்று ஓடத் தொடங்கியது. மணியடிக்கும்வரை அவர் திரும்பவேயில்லை.