பூட்ஸ் போட்டு உழுத நிலம்

எண்பதுகளில் திருவண்ணாமலை மலையடியில், அடி அண்ணாமலையில், கத்தரியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் ஒரு துண்டு நிலம் எங்களுக்கு இருந்தது. உழவு மாட்டை விற்றுவிட்டு என் வீட்டுக்காரர், பிடியைப் பிடித்துப் பின்னாலேயே நடந்து ஓட்டும் பவர் டில்லர் வாங்கினார். வண்டியோடு வந்த மெக்கானிக், பின்னால் எடுக்கும்போது மண்ணைக் கிளறும் கத்தி சுற்றக் கூடாது, பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே நான் டவுனுக்குப் பஸ் ஏறி, பாய் கடையில் கனமான பூட்ஸ் வாங்கி வந்தேன். இவர் அதைத் தொடக்கூட இல்லை.

"நெலம் தாயி. செருப்புக் காலோட மிதிக்கலாமா?"

"கத்தி போட்டுக் கீறலாம், செருப்பு போட்டு மிதிக்கக் கூடாதா? நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!"

"மலை சுத்தறவங்களே வெறுங்கால்ல போறாங்க. அவங்க பாக்க நான் பூட்ஸ் மாட்டிக்கினு நிக்கணுமா?"

மலை சுற்றும் பாதை எங்கள் வேலியை ஒட்டித்தான் போகிறது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோபத்தில் பூட்ஸைப் பரணில் எறிந்தேன்.

மற்றபடி அவர் வேலை சுத்தம். மழை பெய்தால் ஈரம் வடியும்வரை இறங்க மாட்டார். முதல் சுற்று மேலாக, அடுத்தது ஆழமாக. முன்னால் போய்க் கல் பொறுக்குவது நான். மண் பொலபொலவென்று விழும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவே எத்தனை கல்லும் பொறுக்கலாம்.

ஒருநாள் வாய்க்கால் ஓரத்தில் திருப்ப இடமில்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். கத்தியை நிறுத்த மறந்துவிட்டார். ஈர வரப்பில் வெறுங்கால் வழுக்கியது. எப்படியோ கிளட்சை இழுத்துவிட்டார், வண்டி நின்றது. வேட்டி மொத்தமும் கத்தியில் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. கத்திக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். டிராயரோடு நின்றவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, அழுதுவிட்டேன். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தேன். விட மனசே வரவில்லை.

"நல்லாத்தான கீது, வுடுடி" என்றார். 

மறுநாள் காலை அவரே பரணில் ஏறி பூட்ஸை எடுத்தார். வரப்பில் உட்கார்ந்து கயிறு கட்டினார். பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார்.

"தாய்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சா?" என்றேன்.

"அவ தாயி, கேக்காமலே பொறுத்துக்குவா. நேத்து நீ அழுததத்தான் என்னால தாங்க முடியல."